மேற்கே திறந்த கொட்டகை

பாளையங்கோட்டை
14 ஏப்ரல் 1958

அன்புள்ள அத்தானுக்கு,

பரமசிவன் எழுதுவது. இன்று வருஷப் பிறப்பு. துக்கம் கழியாத வருஷம், வாழ்த்து எழுதக் கூடாது என்று வடிவம்மாள் சொல்லிவிட்டாள். அவளும் குழந்தைகளும் உங்களை விசாரித்ததாக மட்டும் எழுதுகிறேன்.

அக்கா போனபிறகு நான் போட்ட கடிதம் ஒன்றுக்கும் உங்களிடமிருந்து பதில் இல்லை. பதினாறாம் நாள் காரியத்தன்றும் நீங்கள் என்னோடு பேசவில்லை. காய்ச்சல் விட்ட களைப்பு என்று அப்போது நினைத்துக்கொண்டேன். இப்போது அப்படி நினைக்க முடியவில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுதத்தான் வேண்டும். இது சொந்தக் காரியம் மட்டுமல்ல.

சென்ற ஆண்டு இந்த ஃப்ளூ காய்ச்சல் தேசம் தேசமாகச் சுற்றிக்கொண்டு நம் ஜில்லாவுக்கு வந்தபோது, நாங்கள் எதற்கும் ஆயத்தமாக இல்லை. படுக்க இடமில்லாமல், குற்றாலத்தில் சீசன்காரர்கள் தங்கும் கொட்டகையை இரவல் வாங்கி அவசரத்துக்கு வார்டாக மாற்றினோம். இனி அப்படித் தடுமாறக் கூடாது என்று ஒரு சீரமைப்புக் குழு அமைத்திருக்கிறார்கள். நான் அதன் செயலாளர். எங்கள் முதல் பரிந்துரை, குற்றாலத்திலேயே நிரந்தரமாக ஒரு காய்ச்சல் ஆஸ்பத்திரி.

அதற்குத் தகுந்த இடம், அந்தக் கொட்டகையை ஒட்டியிருக்கும் மாந்தோப்பு. அப்பா அக்காவுக்குச் சீதனமாக எழுதிக்கொடுத்தது. இன்று சட்டப்படி உங்களுடையது. நீங்கள் அதைத் தானமாகக் கொடுத்தால், ஆஸ்பத்திரிக்குக் கல்யாணசுந்தரி அம்மாள் பெயரை வைப்பதென்று குழுவில் அனைவரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அக்கா என்னை வளர்த்தவள். அவளுக்கு நான் செய்யக்கூடியது வேறென்ன இருக்கிறது?

ஆகஸ்டில் கடைசிக் கூட்டம். அதற்குள் இடம் கிடைக்காவிட்டால் இந்த ஆஸ்பத்திரி வேறு ஜில்லாவுக்குப் போய்விடும். உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
பரமசிவன்

*

தென்காசி
19 ஏப்ரல் 1958

டாக்டர் பரமசிவன் அவர்களுக்கு,

தாங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. அதை இருமுறை படித்தேன். அதில் குழு இருக்கிறது, தோப்பு இருக்கிறது, பெயர்ப்பலகை இருக்கிறது. நோயாளி என்ற சொல்லை மட்டும் நான் எங்கும் காணவில்லை. ஆஸ்பத்திரி பற்றிய கடிதத்தில் இது எப்படி நேர்ந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகவே, தங்கள் சகோதரியின் கணவன் என்ற நிலையை விட்டுவிட்டு, அந்தக் கொட்டகையில் படுத்துக் கிடந்து உயிரோடு திரும்பிய ஒருவன் என்ற முறையில் சில கேள்விகள் கேட்கிறேன். குழுவின் அங்கத்தினர்கள் யார் யார்? அங்கே படுத்திருந்தவர்களில் ஒருவரையாவது அழைத்து விசாரித்தீர்களா? சென்ற ஆண்டு என்ன தவறு நடந்தது என்று குழு முடிவு செய்திருக்கிறது? தவறு இன்னதென்று தெரியாமல் சீரமைப்பு எப்படிச் சாத்தியம்?

தங்களுக்கு அந்த இடம் தெரியும் என்று எண்ணுகிறீர்கள். தாங்கள் அதை நின்று பார்த்தவர். நின்று பார்ப்பவருக்கு அது நீளமான, காற்றோட்டமான, கிடுகு வேய்ந்த கொட்டகை. மூன்று பக்கம் தட்டி. மேற்குப் பக்கம், மலைக்காற்றுக்காகத் திறந்து விடப்பட்டிருந்தது. படுத்திருப்பவனுக்கு அது வேறு. அங்கே நான் அறிந்துகொண்ட வைத்திய சாஸ்திரம் இதுதான்: காய்ச்சல்காரனுக்கு முதலில் வேண்டியது உலர்ந்த போர்வை, மாத்திரை அதற்குப் பிறகு. மாத்திரை கொடுத்தார்கள். நாளுக்கு இருமுறை, ஒழுங்காக. போர்வையைத் தொட்டுப் பார்த்தவர் எவருமில்லை.

எனக்கு அடுத்த கட்டிலில் சேக் தாவூது என்றொருவர் கிடந்தார். தென்காசியில் தறி வைத்திருப்பவர். தட்டிக்கு அந்தப் பக்கம் பெண்கள். சாரல் உள்ளே அடிக்கும்போதெல்லாம் அவர் என்னைப் பார்த்துச் சொல்வார்: "வக்கீலய்யா, நம்மள்ல எவன் மௌத்தானாலும் குளிப்பாட்டுத வேலை மிச்சம். சாரலே குளிப்பாட்டிப் போடும்." பெண்கள் பக்கத்திலிருந்து கல்யாணசுந்தரி பதில் கொடுப்பாள்: "பாய், ஒங்களுக்குப் போத்துத கபன் துணியும் நனைஞ்சேதான் வரும், பாத்துக்கிடுங்க." இருவரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிக்கத் தெம்பிருக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் பக்கத்திலிருந்து பதில் வருவது நின்றுவிட்டது.

குழுவின் அறிக்கை நகலை அனுப்புங்கள். அதைப் படிக்காமல் தோப்பைப் பற்றிப் பேச்சில்லை.

இப்படிக்கு,
வல்லிநாயகம்

*

பாளையங்கோட்டை
2 மே 1958

அன்புள்ள அத்தானுக்கு,

"தாங்கள்" என்று எழுதிவிட்டீர்கள். டவுசர் போட்ட காலத்திலிருந்து என்னை "ஏலே பரமசிவம்" என்று கூப்பிட்டவர் நீங்கள். அறைந்திருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது. தயவுசெய்து அந்த மரியாதை எனக்கு வேண்டாம்.

கேட்டதற்குப் பதில். குழுவில் என்னோடு டாக்டர்கள் மூவர், ஓர் என்ஜினீயர், தாசில்தார், குற்றாலம் சீசன் கடைக்காரர்கள் சார்பில் ஒருவர். நோயாளிகள் யாரையும் கூப்பிடவில்லை. கூப்பிடலாமா என்று நான் ஒருமுறை கேட்டேன். "நோயாளியக் கூப்பிட்டா குறைதான் சொல்லுவான் டாக்டர், நாம வேலையப் பாப்போம்" என்றார் தலைவர். சிரித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டோம். உங்கள் கடிதம் வந்தபிறகு அந்தச் சிரிப்பு எனக்கே நன்றாக இல்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அன்றைக்கு டவுனில் எங்கும் இடமில்லை. குற்றாலத்தில் இடம் கிடைப்பதற்கு எத்தனை பேர் என்னிடம் வந்து கெஞ்சினார்கள் தெரியுமா? வாசுதேவநல்லூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினேன். உங்கள் இருவருக்கும் இடம் வாங்கிக் கொடுக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அந்தக் காற்றும் தண்ணீரும் ஆகாதவர் உண்டா? ஊரெல்லாம் உடம்பு தேற அங்கேதானே போகிறது?

அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முடிவான வடிவம் அல்ல. யார் பெயரையும் சொல்லி எதுவும் எழுதவில்லை. பொறுமையாகப் படியுங்கள்.

பரமசிவன்

*

தென்காசி
9 மே 1958

பரமசிவனுக்கு,

மரியாதை வேண்டாமென்று கேட்டிருந்தாய். சரி. அறிக்கையின் மூன்றாம் பத்தியைப் படித்தபிறகு அதைக் கொடுக்க எனக்கும் மனமில்லை.

அந்தப் பத்தியை உனக்கே எடுத்து எழுதுகிறேன். எழுதியவன் நீதான், எனினும் வேறொருவர் கையெழுத்தில் அதை ஒருமுறை பார்ப்பது உனக்கு நல்லது. "மாண்டோருள் கணிசமானவர்கள், மருத்துவ அறிவுரையை மீறிக் காய்ச்சலோடு அருவியில் நீராடியமையால் நிமோனியா கண்டு இறந்தனர். செயலாளர் தம் குடும்பத்திலேயே இதை நேரில் கண்டதாகக் குழுவிடம் தெரிவித்தார்."

பெயரைச் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். உன் குடும்பத்தில் அங்கே இறந்தவள் ஒருத்திதான்.

கல்யாணசுந்தரி அருவிக்குப் போகவில்லை.

அவள் இறந்த காலையில் நீ காரில் வந்து இறங்கியது எனக்குத் தெரியும். நான் தட்டிக்கு இந்தப் பக்கம், தலையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். நீ அவள் தலைமாட்டில் உட்கார்ந்து கூந்தலைத் தொட்டுவிட்டு வீறிட்டாய். "ஏ அக்கா, தலை இப்படி நனைஞ்சி கெடக்கே! காய்ச்சலோட அருவிக்கா போன? அருவியக் கண்டா ஒனக்குக் குளிக்காம இருக்க முடியாதே, பாவி!" என்று நீ கதறியது ஒரு சொல் விடாமல் என் காதில் விழுந்தது. அதை நான் அழுகை என்று எடுத்துக்கொண்டேன். அழுகிறவன் சொல்லுக்கு யாரும் சாட்சி கேட்பதில்லை. அந்த அழுகை ஓராண்டுக்குள் அரசாங்க அறிக்கையில் ஒரு கண்டுபிடிப்பாக ஏறி உட்காரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அவளை எழுப்பி உட்கார்த்தி வைக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த இருவரில் ஒருத்தி ஆய்க்குடி மாடத்தி; அவளும் நோயாளி, ஆனால் காய்ச்சல் தணிந்துவந்தவள். கடைசி நாட்களில் உன் அக்காவின் தலையைத் துவட்டியவள் அவள்தான். துவட்டிய துணியே ஈரம். "எக்கா, கட்டிலக் கொஞ்சம் கெழக்க இழுத்துப் போடட்டா? இங்கன இருந்தா நனைஞ்சிக்கிட்டேல்லா இருக்கணும்" என்று மாடத்தி கேட்டதும், கட்டிலை இழுக்கும் சத்தமும், மேற்பார்வைக்கு வந்த அதிகாரி "வரிசைய யாரு கலைச்சது? கட்டில் எல்லாம் ஒரே நேரா இருக்கணும்" என்று அதட்டியதும், மறுபடி கட்டிலை மேற்கே தள்ளிய சத்தமும் தட்டி வழியாக எனக்குக் கேட்டன. கல்யாணசுந்தரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்: "ஏங்க, கேக்குதா? இந்த வருசம் நாம அருவிக்கு நடக்க வேண்டாம். அது நம்ம கட்டிலுக்கே வந்துட்டு." அவள் என்னிடம் முழுதாகச் சொன்ன கடைசிப் பேச்சு அது.

நீ சென்னையில் வைத்தியம் படித்தவன். நிமோனியா கண்டு ஒருத்தி இறந்திருக்கிறாள், தலை நனைந்திருக்கிறது. வேறெந்த ஊர் டாக்டராக இருந்தாலும் அண்ணாந்து கூரையைப் பார்த்திருப்பான். பிறகு மேற்கே திரும்பிப் பார்த்திருப்பான். நீ பார்க்கவில்லை. நீ இந்தப் பக்கத்தில் பிறந்தவன். ஈரத் தலை என்றால் நமக்கு அருவிதான். குற்றாலம் மருந்து என்பதை நம்மால் சந்தேகிக்க முடியாது. மருந்தில் குற்றமில்லையென்றால், குற்றம் மருந்தைத் தவறாகச் சாப்பிட்டவளுடையது. உன் நியாயம் இவ்வளவுதான்.

இதன்மேல் எழுப்பியிருக்கும் உன் சீரமைப்பைப் பார். கட்டடத்தைச் சுற்றி இரும்பு வேலி. நோயாளிகள் அருவிக்கு ஓடிவிடாமல் இருக்கக் காவலர்கள். உறவினர்களுக்கு அனுமதியில்லை. பாமர மக்களுக்குச் சுகாதாரம் போதிக்கப் படம் காட்டும் வண்டி. மேற்குச் சுவர் மட்டும் கிடையாது. மூலிகைக் காற்று தடையின்றி வீச அந்தப் பக்கம் திறந்திருக்க வேண்டுமாம். என்ன கட்டப்போகிறாய் என்று உனக்குப் புரிகிறதா? சென்ற ஆண்டுக் கொட்டகையையே செங்கல்லில் கட்டி, உள்ளே இருப்பவன் தப்பிக்காமல் வேலி போடப்போகிறாய். அதற்கு அவள் தோப்பு வேண்டும், அவள் பெயர் வேண்டும். தன் புத்திகெட்டதனத்தால் செத்தாள் என்ற சான்றிதழும் கூடவே வேண்டும். தோப்பும் கிடையாது, பெயரும் கிடையாது.

பதினாறாம் நாள் நான் உன்னோடு பேசவில்லை என்று எழுதியிருந்தாய். நீ அனுப்பிய இடம் அவளைக் கொன்றது என்று சொல்லாமலிருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி பேசாமலிருப்பதுதான். அந்த வழியை நீயே அடைத்துவிட்டாய்.

வல்லிநாயகம்

*

பாளையங்கோட்டை
20 மே 1958

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தை வடிவம்மாளிடம்கூடக் காட்டவில்லை. காட்டினால் அவள் அழுவாள்.

நீங்கள் கோர்ட்டில் குறுக்கு விசாரணை செய்து பழகியவர். எதிரே நிற்பவன் திணறுவதைப் பார்ப்பது உங்களுக்குத் தொழில். நான் சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை. செத்தவள் எனக்கும் அக்கா. அம்மா இல்லாத வீட்டில் எனக்குச் சோறு ஊட்டியவள்.

அவள் அருவிக்குப் போகவில்லை என்கிறீர்கள். நீங்கள் எப்படிப் பார்த்தீர்கள்? நடுவில் தட்டி இருந்தது, காய்ச்சல் உங்கள் கண்ணை மறைத்திருந்தது. நான் சும்மா சொல்லவில்லை. கொட்டகைக் காவலாளி உச்சிமாகாளியிடம் அன்றைக்கே கேட்டேன். "பொம்பளையாளு ஒருத்தி அருவிக்கரைப் பக்கமா ரெண்டு மூணு தடவ போனத நான் பாத்தேன்யா, முக்காடு போட்டிருந்தா" என்றான். அக்காவுக்கு அருவி என்றால் உயிர் என்பது உங்களுக்குத் தெரியாதா? கலியாணமான மறுவருஷம் ஆடியில் உங்கள் அம்மா வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் ஐந்தருவிக்கு ஓடினவள்தானே?

இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கோபித்தாலும் சரி. குற்றாலத்தில் இடம் கிடைத்திருக்கிறது என்று நான் சொல்லியனுப்பியபோது "போகமாட்டேன்" என்றா சொன்னீர்கள்? சந்தோஷமாக வண்டி ஏறினீர்கள். "புண்ணியவான், நல்ல இடமா பாத்துக் குடுத்தான்" என்று சொன்னதாக அக்கா எழுதியிருந்தாள். அந்த நம்பிக்கை எனக்கு மட்டும் இருந்த நம்பிக்கையா?

மூன்றாம் பத்தியை எடுத்தால் முழு அறிக்கையும் விழுந்துவிடும். பிறகு ஆஸ்பத்திரியே இல்லை. அடுத்த காய்ச்சல் வரும்போது வாசுதேவநல்லூர் வண்டிக்காரனுக்கு நீங்கள் என்ன பதில் சொல்வீர்கள்? குறையுள்ள ஆஸ்பத்திரி நல்லதா, ஒன்றுமே இல்லாதது நல்லதா? இதைக் கோபம் இல்லாமல் யோசியுங்கள்.

பரமசிவன்

*

தென்காசி
27 மே 1958

பரமசிவனுக்கு,

கோபம் இல்லாமல் யோசிக்கச் சொல்கிறாய். கோபத்தோடும் நான் ஒழுங்காகவே யோசிப்பவன்.

சந்தோஷமாகத்தான் வண்டி ஏறினேன். மறுக்கவில்லை. ஆனால் நான் நம்பியதை அச்சடித்து அரசாங்கத்துக்கு அனுப்பவில்லை.

உச்சிமாகாளி பொய் சொல்லவில்லை. முக்காடு போட்ட பெண் ஒருத்தி போனது உண்மை. அவள் பெயர் சைதூன் பீவி; சேக் தாவூதின் மனைவி. கொட்டகையில் வெந்நீர் கிடையாது என்பதால், அருவிக்கரைத் தேநீர்க்கடைக்குச் செம்பு எடுத்துக்கொண்டு போய் வாங்கிவந்தாள். தன் புருஷனுக்கு மட்டுமல்ல, எனக்கும் உன் அக்காவுக்கும் சேர்த்து. சுமங்கலியாக இருந்த உன் அக்கா, சைவப்பிள்ளைமார் வீட்டில் பிறந்தவள், எந்நாளில் முக்காடு போட்டாள்? இதைக் கேட்க உனக்குத் தோன்றவில்லை. உனக்கு வேண்டிய பதில் அதற்குள் கிடைத்துவிட்டது.

நேற்று சேக் தாவூதின் வீட்டுக்குப் போய்த் திரும்பக் கேட்டேன். தறியை நிறுத்திவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "வக்கீலய்யா, ஒங்க மச்சினரு நல்ல மனுசன்தான். ஆனா படுத்துப் பாக்கலியே. நின்னுக்கிட்டிருக்கவனுக்கு அது காத்து. படுத்தவனுக்குத் தண்ணி." சைதூன் பீவி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அந்த டாக்டர அங்கன ஒரு நாள் படுக்கச் சொல்லுங்கங்கேன். அப்பம் தெரியும்."

நானும் அதையே சொல்கிறேன். அந்தக் கொட்டகை இன்னும் நிற்கிறது. சீசன் தொடங்கியதும் ஒரு பகல் போய்ப் படு. பெண்கள் பக்கம், மேற்கு ஓரத்துக் கட்டில். அருவிப் பக்கம் போகாதே. பிறகு மூன்றாம் பத்தியை எடுத்துப் படி.

ஆஸ்பத்திரி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆய்க்குடி போகும் சாலையில் எனக்கு மேட்டு நிலம் இருக்கிறது. சாரல் அங்கே எட்டிப் பார்ப்பதோடு சரி. வண்டியில் வருபவர்களுக்கும் அது பக்கம். நான்கு சுவரும் வெந்நீர் அடுப்பும் வைத்து அங்கே கட்டுவதானால் நிலத்தைத் தருகிறேன். குறையுள்ளதா, இல்லாததா என்று இனி என்னைக் கேட்காதே. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது.

வல்லிநாயகம்

*

பாளையங்கோட்டை
24 ஜூன் 1958

அன்புள்ள அத்தானுக்கு,

போனேன்.

முன்னறிவிப்பு இல்லாமல் போனேன். சீசனுக்காகக் கொட்டகையைப் புதுக் கிடுகு போட்டு வேய்ந்திருந்தார்கள். உச்சிமாகாளி என்னைக் கண்டு பதறிவிட்டான். "என்னய்யா, இங்கன வந்து படுக்கீய? அந்தப் பக்கம் கதவு போட்ட ரூம் இருக்கே" என்றான். எனக்கு இந்தக் கட்டில்தான் வேண்டும் என்று சொல்லி, பெண்கள் பக்கம் மேற்கு ஓரத்தில் படுத்தேன்.

உண்மையைச் சொல்கிறேன்: முதலில் சுகமாக இருந்தது. மலையிலிருந்து அந்தக் காற்று, அந்த வாசனை. உங்களை நினைத்து எரிச்சல்கூட வந்தது. அப்படியே கண் அயர்ந்துவிட்டேன். விழித்தபோது எனக்குக் குளிர் நடுக்கம். மழை பெய்ததா என்று கேட்டேன். "மழை எங்கய்யா பெஞ்சது? சாரல்தான" என்றான் உச்சிமாகாளி. கூரை ஒழுகவில்லை. சத்தம் எதுவும் கேட்கவில்லை. தலையணை நனைந்திருந்தது. தலையைத் தொட்டுப் பார்த்தேன்.

எனக்குக் காய்ச்சல் இல்லை அத்தான். எழுந்து நகர்ந்து உட்கார என்னால் முடிந்தது.

உச்சிமாகாளியிடம் சென்ற ஆண்டு முக்காட்டுக்காரியைப் பற்றிக் கேட்டேன். "ஆமாய்யா, துலுக்கவூட்டம்மா. செம்பு வச்சிருந்தா. அப்பமே சொன்னேனே" என்றான். அன்றைக்கு முக்காடு என்று மட்டும் சொன்னான். கையில் என்ன இருந்தது என்று நான் கேட்கவுமில்லை.

திரும்பும்போது தென்காசி பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் டிக்கெட் கொடுத்துக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தான். "என்ன சார், பேரருவில தண்ணி நல்லா விழுதா? ஜோரான குளியல் போல" என்றான்.

நான் "ஆமா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. விளக்கம் சொல்வது சிரமமாக இருந்தது. பஸ் முழுக்க ஈரத் தலைகள். தென்காசியில் இறங்கி உங்கள் தெரு முனைவரை வந்துவிட்டு, உள்ளே வரத் தைரியமில்லாமல் ரயிலேறிவிட்டேன்.

நேற்றுக் குழுவிலிருந்து ராஜினாமா எழுதி அனுப்பிவிட்டேன். சொந்தக் காரணம் என்று குறிப்பிட்டிருக்கிறேன். இனி அந்த மேசையில் என்னால் உட்கார முடியாது. உங்களுக்கு இது ஆறுதலாக இருக்கும் என்று நம்புகிறேன்.

பரமசிவன்

*

தென்காசி
28 ஜூன் 1958

பரமசிவா,

எனக்கு ஆறுதல் இல்லை. உன் கடிதத்தைப் படித்து முடித்தபோது, இதுவரை எழுதிய கடிதங்களில் காட்டாத கோபம் எனக்குள் மிச்சமிருப்பதைக் கண்டேன்.

கண்டக்டரிடம் "ஆமா" என்று சொன்னாய். குழுவிடம் "சொந்தக் காரணம்" என்று சொன்னாய். இரண்டும் ஒரே பதில். விளக்கம் சொல்வது சிரமமாக இருந்தது. ஆகவே அவர்கள் நினைத்ததையே நினைத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாய். உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். "நான் எழுதியது தவறு" என்ற மூன்று சொற்கள் அதில் எங்கும் இல்லை. நீ குளிரில் நடுங்கியதை எழுதியிருக்கிறாய், நன்றாகவே எழுதியிருக்கிறாய். என் அனுதாபத்தை எதிர்பார்த்திருந்தால், அது வேறொரு கட்டிலில் செலவாகிவிட்டது.

நீ எழுந்து போனதால் மூன்றாம் பத்தி எழுந்து போய்விட்டதா? அது அங்கேயே இருக்கிறது. உன் நாற்காலி காலியானால் வேலி விற்பவனுக்கு வேண்டியவன் எவனாவது அதில் உட்காருவான். ஆகஸ்டில் அறிக்கை போகும். அடுத்த காய்ச்சலில் வாசுதேவநல்லூர் வண்டிக்காரனின் பெண்டாட்டியைப் பிடித்து, மேற்கே திறந்த கட்டடத்தில் படுக்கவைத்து, வேலிக் கதவைப் பூட்டுவார்கள். அவள் செத்த பிறகு தலையைத் தொட்டுப் பார்த்து, பூட்டையும் மீறி அருவிக்கு எப்படிப் போனாள் என்று விசாரணை வைப்பார்கள். உன் மனச்சாட்சி உறுத்தாமல் இருப்பதற்கு அவள் கொடுக்க வேண்டிய விலை அது.

ராஜினாமாவைத் திரும்பப் பெற்றுக்கொள். ஏற்றுக்கொள்வதற்குள் போ. ஆகஸ்டுக் கூட்டத்தில் எழுந்து, செயலாளர் கண்டது ஈரத் தலையை மட்டுமே, அருவியில் குளித்ததை அல்ல என்று சொல். கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல். தலைவர் சிரிப்பார். இந்த முறை நீ கூடச் சேர்ந்து சிரிக்காதே. அதன் பிறகு ஆய்க்குடிச் சாலை நிலத்தைப் பற்றிப் பேசு. அந்த வரிசையில்தான் பேச வேண்டும். பத்தியை விட்டுவிட்டு நிலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

உன்னால் தனியாக முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆகவே கூட்டத்தன்று நானும் பாளையங்கோட்டைக்கு வருகிறேன். கூப்பிடாமல் வருகிறேன். என்னோடு சேக் தாவூதும் சைதூன் பீவியும் வருகிறார்கள். மாடத்திக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். வாசலில் நிற்போம். உள்ளே அழைப்பதா வேண்டாமா என்பது உன் குழுவின் தீர்மானம். நிற்பது எங்கள் தீர்மானம்.

நேற்று சேக் தாவூதிடம் இதைச் சொன்னபோது அவர் கேட்டார்: "வக்கீலய்யா, போனா ஒக்கார நாக்காலி போடுவாவளா?"

போடமாட்டார்கள் என்றேன்.

"அப்பம் நின்னுக்கிட்டே பேசுவோம். படுத்துக்கிட்டுப் பேசினதத்தான் எவனும் கேக்கலியே."

வல்லிநாயகம்